இருட்டினால் தானாக எரியும்

போன வாரம் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன சின்னவள் இந்த வாரமும் போன் செய்யவில்லை. டெஸ்டர் அக்காவும் செய்யவில்லை. "அவளுக்கு வாய் இருக்கில்ல, கூப்பிடட்டும்" என்று இவள் இங்கே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, "அக்காவுக்கு விரல் இருக்கில்ல, கூப்பிடட்டும்" என்று அவள் அங்கே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் கிடந்து திண்டாடியவன் கொழுந்தன்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. வாசல், தோட்டம், மதில், மரம் என்று வீட்டுக்கு வெளியே கட்டுகிற நிறம் மாறும் சீரியல் விளக்குகளை விற்றும் வாடகைக்குக் கட்டிக் கொடுத்தும் பிழைக்கிற குடும்பம் இது. அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்குப் பெயரே மாஸ்டர் என்றாகிவிட்டது. அவர் மனைவி டெஸ்டர் அக்கா. தம்பியின் மனைவி சின்னவள், இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். குக்கர் மூடியை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்த ஓரகத்திச் சண்டை, "இது என்ன உன் வீடுன்னு நெனச்சியா?" என்று அக்கா கேட்டதில் முடிந்தது. கேட்ட மறுகணமே அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கடித்துக்கொண்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை.

மாஸ்டர் கதை வேறு. போன விடுமுறைக் காலத்தில், மழையில் நனைந்த ஒரு மதில் கம்பியில் கை வைத்தார். மின்சாரம் தூக்கி எறிந்தது. ஏணியோடு விழுந்தார். பிழைத்ததே மறுபிறவி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கை மட்டும் அன்றிலிருந்து நடுங்கியது. "நரம்புல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் பயம்தான். தானாப் போயிடும்" என்றார் டாக்டர். போகவில்லை. சூடுபட்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அப்படி மாஸ்டர் கடைப் பக்கம் வராமல் வீட்டுக்குள்ளேயே சுருண்டுவிட்டார்.

அப்போதுதான் அக்கா டெஸ்டரைக் கையில் எடுத்தாள். கையில் என்ன, கொண்டையிலேயே செருகிக்கொண்டாள். கடைக்கு வரும் ஒவ்வொரு செட்டும் அவளிடம் குளித்தாக வேண்டும். பின்கட்டில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. அடாப்டரையும் சரத்தையும் ப்ளக்கில் மாட்டாமல் அதில் அமுக்கி ஊறப்போடுவாள். எடுத்து, துடைத்து, ப்ளக்கில் மாட்டி, சரத்தின் கம்பியில் டெஸ்டரை வைப்பாள். டெஸ்டரின் குட்டி விளக்கு எரியாவிட்டால் செட் பாஸ். எரிந்தால் அடாப்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டு மின்சாரத்தைக் குறைத்து, தொட்டாலும் ஒன்றும் செய்யாத அளவில் சரத்துக்கு அனுப்புவதுதான் அடாப்டரின் வேலை. தண்ணீர் புகுந்தது குறைக்காது. சுவரில் வருவதை அப்படியே சரத்துக்கு அனுப்பிவிடும். மாஸ்டரைத் தூக்கி எறிந்தது அப்படி ஒன்றுதான்.

பாஸான செட்டுகளைப் பெட்டி இல்லாமல் வெறுமனே சுருட்டி மேல்தட்டில் அடுக்குவாள். ஃபெயிலானதை மட்டும் காயவைத்து, வந்த பெட்டியிலேயே வந்த மாதிரியே போட்டு ஒட்டி, கீழ்த்தட்டில் வைப்பாள். பெட்டி கசங்காமல் இருந்தால்தான் மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வான். ஆக, அந்தக் கடையில் நல்லது அம்மணமாகக் கிடக்கும், கெட்டது பெட்டிக்குள் புதுக்கருக்கு அழியாமல் உட்கார்ந்திருக்கும். வெளியாளுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். வீட்டு ஆட்களுக்குத் தெரியும் என்று அக்கா நினைத்திருந்தாள். யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை.

அன்று காலை மாஸ்டர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பியோட நானும் போறேன்."

"எங்கங்க?"

"அந்தக் குடியிருப்பு நீச்சல் குளத்துக்குத்தான். குளத்தைச் சுத்திக் கம்பி வேலி பூரா சரம் கட்டணுமாம். ஒத்தை ஆளா அவன் எவ்வளவுதான் பண்ணுவான்?"

அக்கா உடனே திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தால் அவர் மனம் மாறிவிடுமோ என்று பயம். "சரி, போயிட்டு வாங்க. செட்டெல்லாம் கடையில இருக்கு, எடுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள். எதை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சந்தோஷத்தில் மனுஷிக்கு மூளை வேலை செய்யாது. மாஸ்டர் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டுப் போனதையும் அவள் கவனிக்கவில்லை.

மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தபோது கடைக்குப் பல் டாக்டர் வந்தார். வீட்டு முன்னால் தோட்டத்தில் கட்ட சரம் வேண்டுமாம்.

"எத்தனை கலர் மாறும்?" என்றார்.

"கலரை விடுங்க டாக்டர். பல்லு வெள்ளையா இருந்தா போதுமா? ஈறு நல்லா இருக்க வேணாமா?"

பல் டாக்டர் சிரித்தார். "நியாயம்தான். இதுல ஈறு எது?"

"அடாப்டர். எல்லாரும் பல்பைத்தான் பார்ப்பாங்க, இதை யாரும் பார்க்க மாட்டாங்க. மூடி சேர்ற இடத்துல நகத்தை விட்டுப் பாருங்க. நகம் உள்ள போனா தண்ணியும் போகும். அப்புறம் பல்பும் கம்பியும் சேர்ற இடம். பசை வெச்சு முழுசா மூடியிருக்கணும். கம்பி நூல் மாதிரி இருக்கக் கூடாது. கட்டின ரெண்டாம் நாளே சிவப்பு மட்டும் வராம நிக்குதுன்னு வெச்சுக்கங்க, உள்ள ஈரம் போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கணும்."

"பெட்டியில குடை படம் போட்டிருந்தா மழை தாங்கும்னு என் பையன் சொன்னானே?"

"படம்தானே டாக்டர். அச்சடிக்கிறவனுக்கு என்ன, குடையும் போடுவான், கப்பலும் போடுவான். இருங்க, ஒரு கெட்டதைக் காட்டறேன், அப்புறம் நீங்களே நல்லதைக் கண்டுபிடிச்சுடுவீங்க."

ஊரெல்லாம் நல்ல சரக்கைக் காட்டி விற்கும். இவள் கெட்ட சரக்கைக் காட்டி விற்பவள். அந்த ஒரு பழக்கத்தால்தான் அன்றைக்கு விஷயம் வெளியே வந்தது.

குனிந்து கீழ்த்தட்டில் கையை விட்டாள். தட்டு காலி.

நேற்று மத்தியானம் அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒட்டிவைத்தவளே அவள்தான். டெஸ்டரை வைத்தபோது அந்த இரண்டு செட்டும் எரிந்த எரி இன்னும் கண்ணுக்குள் இருந்தது. மொத்த வியாபாரியின் ஆள் நாளைக்குத்தான் வருவான்.

யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல மாதம் கடைப் பக்கம் வராத மனிதர், இன்றைக்குக் காலையில் வந்தார். வெறுமனே சுருட்டிக் கிடப்பதைப் பழசு என்று நினைத்திருப்பார். பெட்டியில் இருப்பதைப் புதுசு என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

 நீச்சல் குளம். சுற்றிலும் இரும்பு வேலி. விடுமுறைக்கு ஈரக் காலோடு ஓடி விளையாடும் பிள்ளைகள்.

"டாக்டர், அப்புறமா வாங்க" என்றாள். பல் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டர் எண்ணுக்குப் போட்டாள். கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. கொழுந்தனுக்குப் போட்டாள். அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் போனை பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவான் அந்தப் புண்ணியவான். ஏணியில் இருக்கும்போது போன் அடிக்கக் கூடாது என்று அவனுக்குச் சட்டம் போட்டதே அக்காதான்.

கடைசியில் குடியிருப்பின் செயலாளரைப் பிடித்தாள்.

"வணக்கம்மா. வேலையெல்லாம் ஜம்முனு நடக்குது. உங்க வீட்டுக்காரர் என்னமா கட்டறார், கண்ணுபட்டுடும்."

"சார், ஒரு சின்ன செக்கிங். அந்த ப்ளக்கை மட்டும் கழட்டி வைக்கச் சொல்றீங்களா?"

"ப்ளக் எல்லாம் பம்ப் ரூம்ல இருக்கு. ஆபரேட்டர் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிருக்கான். ஏம்மா, எதாவது பிரச்சினையா?"

இங்கேதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். 'பிரச்சினைதான் சார், பிள்ளைகளை வெளியே அனுப்புங்க' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மாஸ்டர் கெட்ட செட்டை மாட்டிவிட்டார் என்று ஊர் பேசும். அந்த மனிதர் மறுபடி வீட்டுக்குள் போய்ச் சுருண்டால், இனி எழுந்திருக்கவே மாட்டார்.

"இல்ல சார், ஒண்ணுமில்ல" என்றாள். "ட்ரிப்பர் இருக்கில்ல அங்க?"

கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிற காவல்காரன் அது.

"அதை ஏன் கேக்கறீங்க. சும்மா சும்மா விழுந்து பம்ப்பு நின்னுடுது. அதை எடுத்துட்டு டைரக்டா குடுக்கச் சொல்லிட்டேன்."

 "என் வீட்டுக்காரரை எனக்கு உடனே பேசச் சொல்லுங்க சார்."

"அவர் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கார். நான் ஆபீஸ்ல இருக்கேன். ஆள் அனுப்பிச் சொல்றேன்."

போன் வரவில்லை. அக்கா கடையை இழுத்துப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடி டாக்ஸி பிடித்தாள்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்த செட்டுகளின் அடாப்டரில் ஒரு கண் உண்டு. இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். வெளிச்சம் இருக்கும்வரை சரத்துக்கு ஒன்றும் போகாது; கடையில் டெஸ்டர் வைக்கும்போதுகூட அந்தக் கண்ணை விரலால் பொத்திக்கொண்டுதான் வைப்பாள். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் கிடக்கிறது. போய்ச் சேர்ந்துவிடலாம். சத்தம் போடாமல் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இரண்டையும் கழற்றி எடுத்துவிடலாம். ஊருக்கும் தெரியாது, அவர் மனமும் நோகாது. இப்படியெல்லாம் போகாத ஊருக்கு வழி போட்டுக்கொண்டே வந்தாள்.

பெரிய பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தபடி கையை நீட்டி விளக்கு ஸ்விட்சைப் போட்டார்.

"எதுக்கு அண்ணே லைட்டு?"

"மேல பாரும்மா. பட்டப்பகல்ல எப்படிக் கறுத்துட்டு வருதுன்னு."

அக்கா ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி வானம் ஒரு பக்கமிருந்து மூடிக்கொண்டு வந்தது. பாலத்தின் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவற்றுக்கும் அதே கண்தான். அந்தக் கண்ணுக்கு மேகமும் தெரியாது, மணியும் தெரியாது. இருட்டு மட்டும்தான் தெரியும்.

 செயலாளருக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தத் தடவை ஊரே கேட்கும்படி சொல்லியிருப்பாள். கேட்டபோது சொல்லாமல் விழுங்கியவள், இப்போது சொல்வதற்கு ஆள் இல்லாமல் தவித்தாள்.

'ஒண்ணுமில்லன்னு சொன்னேனே. பாவி, ஒண்ணுமில்லன்னு என் வாயால சொன்னேனே.'

யாரோ ஒரு பிள்ளை குளத்திலிருந்து ஏறும்போது வேலியைப் பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கும். மாஸ்டர் கடைசி முடிச்சுப் போடும்போது இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அது அவர் வழக்கம். போன வருஷமும் அப்படித்தான் பிடித்தார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. திறந்துகொண்டாள்.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே. பிள்ளைங்க விஷயம்."

பாலம் இறங்கியதும் டாக்ஸிக்காரர் பெரிய தெருவை விட்டார். சந்து சந்தாக நுழைந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தூறல் ஆரம்பித்திருந்தது. வாட்ச்மேன் "யாருமா, எங்க போறீங்க" என்று கேட்டது அவள் முதுகுக்குத்தான் கேட்டது. புல்வெளி வழுக்கியது. விளையாட்டுத் திடலைத் தாண்டித் திரும்பினாள். குளம் தெரிந்தது. தண்ணீரில் ஏழெட்டுப் பிள்ளைகள் மழையை வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலி முழுக்க விளக்குகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஒரு மூலையிலிருந்து ஓடி வந்து குளத்தைச் சுற்றியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒரு பெண் குழந்தை கரையேறி வேலியை நோக்கி ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் மாஸ்டர் நின்றார். வலது கையில் கட்டுக்கம்பி. இடது கை இரும்பைப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு ரகசியமும் மறந்தது, மரியாதையும் மறந்தது.

"கையை எடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "யாரும் வேலியைத் தொடாதீங்க! அதுல கரண்டு இருக்கு!"

குழந்தை பயந்து அப்படியே சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. மற்றதுகள் அழ ஆரம்பித்தன. பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஆபீசிலிருந்து செயலாளர் ஓடி வந்தார். கொழுந்தன் ஏணியிலிருந்து குதித்து, சாப்பிட்டு வந்த ஆபரேட்டர் திறந்துவைத்திருந்த பம்ப் ரூமுக்குப் பாய்ந்து மெயினை இறக்கினான். விளக்குகள் அணைந்தன. பம்ப்பும் நின்றுபோனது.

மாஸ்டர் கையை எடுத்துவிட்டு, எடுத்த கையைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

"கீழ்த்தட்டுல பெட்டியில இருந்த செட்டை மாட்டிட்டீங்க. அது ஃபெயிலானது. தண்ணி புகுந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லல..." அவளுக்கு மூச்சு வாங்கியது.  ஆனால் அவர் உயிரோடு நின்றார், பிள்ளைகள் உயிரோடு அழுதன. அது போதும் என்றிருந்தது.

 மாஸ்டர், பம்ப் ரூமிலிருந்து வந்த தம்பியிடம் திரும்பினார்.

"எல்லாரையும் தள்ளி நிறுத்திட்டு மெயினைப் போடுடா."

"அண்ணே, வேணாம்ணே."

"போடுடான்னு சொல்றேன்."

விளக்குகள் மறுபடி எரிந்தன. மாஸ்டர் கையை நீட்டி அவள் கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விலக்கிவிட்டு நடந்தார். இரும்பு வேலியில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. சரத்தின் கம்பியில் வைத்தார். எரியவில்லை. வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு சரமாக வைத்துக்கொண்டே போனார். எதிலும் எரியவில்லை. அவ்வளவு நேரமும் அந்த வலது கை ஆடவே இல்லை.

திரும்பி வந்தார்.

"நான் பெட்டியைத் தொடவே இல்லம்மா. நீ சுருட்டி வெச்சிருந்ததைத்தான் எடுத்தேன். தொட்டியில ஊறின வாசனை அதுல அடிச்சுதே. அது எனக்குத் தெரியாதா?"



செயலாளர் விழுந்த குழந்தையின் அம்மாவைச் சமாதானம் செய்துவிட்டு வந்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற கதையால்ல இருக்கு. பிள்ளைங்க எல்லாம் எப்படிப் பயந்துபோச்சு பாருங்க. வீட்டு அம்மாவே நம்பாத ஆளை நாங்க எப்படிங்க நம்பறது? கை நடுங்கற ஆள்னு ஏற்கெனவே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"தப்பு அவர் மேல இல்ல சார், என் மேலதான்" என்றாள் அக்கா. "அவர் கட்டினதுல ஒரு குறையும் கிடையாது. நான்தான் புத்திகெட்டுப்போய்க் கத்தினேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்த்தாள். டெஸ்டரைப் பிடித்திருந்த மாஸ்டரின் விரல்கள் ஆட ஆரம்பித்திருந்தன. அவர் அதை இடது கையால் பிடித்து மறைத்துக்கொண்டார். இன்று மின்சாரம் செய்யாததை அவள் செய்துவிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

"விடும்மா" என்றார் மாஸ்டர் மெதுவாக. "பயந்து ஓடி வந்திருக்க. அது புரியுது. ஆனா, அந்தப் பெட்டி எங்க போச்சு?"

தூறல் இப்போது மழையாகிவிட்டது. அக்கா நிமிர்ந்தாள். உண்மைதானே, அந்தப் பெட்டிகள் எங்கே?

கொழுந்தன் ஏணியைப் பிடித்தபடி நின்றான். பேயறைந்த மாதிரி இருந்தது அவன் முகம்.

"அண்ணி" என்றான். "அதை நான்தான் எடுத்தேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம் கடை மூடறப்போ. சின்னவளுக்குக் குடுக்கலாம்னு. புது வீடு வெறிச்சுன்னு கிடக்கேன்னு. குடுக்கறதை வெறுமனே சுருட்டியா கொண்டுபோய்க் குடுக்கறதுன்னு, பெட்டியோட இருந்ததை எடுத்தேன். நீங்க குடுத்துவிட்டதா அவகிட்ட சொன்னேன் அண்ணி. அப்பவாவது கோவம் தீருமேன்னு."

"எங்க மாட்டின?"

"பால்கனியில. காலையிலதான் மாட்டிட்டு வந்தேன்."

"பால்கனிக்குக் கம்பி இரும்பா?"

அவன் தலையை ஆட்டினான்.

"ட்ரிப்பர்?"

"பழைய வீடு அண்ணி. அதெல்லாம் கிடையாது."

சொல்லி முடிக்கும் முன்பே அவன் பைக்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அக்கா போனை எடுத்தாள். மழைத் தண்ணீரில் விரல் வழுக்கியது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து நின்று, தன் இரண்டு கையையும் குடையாக அந்தப் போனுக்கு மேல் பிடித்தார்.

உடனே எடுத்துவிட்டாள் சின்னவள்.

"அக்கா? நீங்களா?"

"ஏய், நான் சொல்றதைக் கேளு..."

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்க்கா. எரிஞ்சதும் பார்த்துட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு காத்திருந்தேன். இப்பத்தான் எரிஞ்சுது. என்னா அழகுக்கா. நீங்க குடுத்துவிட்டீங்கன்னு அவர் சொன்னதும் நான் அழுதே போயிட்டேன். நான் பேசினதை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க..."

"அடியே, முதல்ல கேளு. பால்கனிப் பக்கம்..."

"என்னக்கா? மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஐயோ, துணியெல்லாம் பால்கனிக் கம்பியில கிடக்கு, நனைஞ்சு போயிடும். ஒரு நிமிஷம் இருங்க, எடுத்துட்டு வந்துடறேன். வெச்சுடாதீங்கக்கா. உங்ககிட்ட நிறையப் பேசணும்."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"போகாதே" என்று அக்கா கத்தினாள். "போகாதடி, நில்லு. கம்பியைத் தொடாதே." மாஸ்டரும் போனருகில் குனிந்து கத்தினார். குளத்தங்கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த முனையில் செருப்புச் சத்தம் மெல்லத் தள்ளிப் போனது. ஒரு தாழ்ப்பாள் இழுபட்டது. பால்கனிக் கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் போனுக்குள் மழைச் சத்தம் முன்பைவிடப் பலமாகக் கேட்டது.